புயல் போன பிறகு வருகிற கணக்கு: வாசகர் கேள்வி பதில்

ஜமைக்காவைப் புரட்டிப்போட்ட மெலிஸா புயலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதினாலும் எழுதினோம், வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரீபியன் தீவுகளைப் பற்றியவைதான். காற்றின் வேகத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. சேதம் இவ்வளவு, செத்தவர்கள் இத்தனை பேர் என்று சொல்கிறார்களே, அதை யார், எப்படி எண்ணுகிறார்கள் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்பதால் இந்த முறை முழுக்க அதுதான். சினிமாக் கேள்விகள் அடுத்த இதழில்.

கே: மெலிஸா அடித்த சில வாரங்களிலேயே 880 கோடி டாலர் சேதம் என்று உலக வங்கி சொல்லிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பார்க்காமல் எப்படி? சும்மா அடித்துவிடுகிறார்களா?
– ஆடிட்டர் அலுவலக ஊழியர், ஈரோடு

ப: அடித்துவிடவில்லை, ஆனால் எண்ணவும் இல்லை. 2025 அக்டோபர் 28 அன்று ஜமைக்காவின் தென்மேற்கில் மெலிஸா கரையேறியபோது காற்று மணிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். எந்தப் பகுதியில் எவ்வளவு வேகம் அடித்தது, அங்கே எத்தனை கட்டடங்கள், அதில் தகரக் கூரை எத்தனை, காங்கிரீட் தளம் எத்தனை, இன்ன வேகத்துக்கு இன்ன மாதிரிக் கூரை எவ்வளவு தாங்கும், திரும்பக் கட்ட என்ன செலவு என்று எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பெருக்கி, ட்ரோன் படம், செயற்கைக்கோள் படம், களத்திலிருந்து வந்த தகவல்களை வைத்துச் சரிபார்த்து வருகிற தொகை அது. நாட்டின் 2024-ஆம் ஆண்டு மொத்த உற்பத்தியில் 41 சதவீதம் என்றும் சொன்னார்கள். வெளிநாடுகளிடம் கையேந்த, கடன் கேட்க ஒரு தொகை உடனே வேண்டும், அதற்காகப் போடுகிற கணக்கு.

நிதானமான கணக்கு பிறகு வரும். ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்க, கரீபியன் பொருளாதார ஆணையம் 1970-களிலிருந்து பட்டைதீட்டி வைத்திருக்கிற முறை அதற்கு இருக்கிறது. அதில் மூன்று பத்தி உண்டு. கடையின் கூரை பறந்தால் அது சேதம். கடை மூன்று மாதம் மூடிக் கிடந்தால் அது இழப்பு. மின்சாரம் வரும்வரை ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினால் அது கூடுதல் செலவு. 2017-இல் மரியா புயல் டொமினிக்காவை அடித்தபோது (டொமினிகன் குடியரசு வேறு, இது எழுபதாயிரம் பேர் வாழ்கிற குட்டித் தீவு) சேதம் 93 கோடி டாலர், இழப்பு 38 கோடி டாலர் என்று தனித்தனியாகப் போட்டார்கள். கூட்டினால் அந்த நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். அதாவது நாடே இரண்டே கால் வருடம் சாப்பிடாமல் உழைத்துச் சேர்த்தால்தான் ஒரு ராத்திரியில் போனது திரும்பி வரும். பத்திரிகைகள் மூன்று பத்தியையும் ஒன்றாகக் கொட்டி ஒரே தொகையாகப் போட்டுவிடும். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கே: இதற்கெல்லாம் செயற்கைக்கோள் போதாதா? வீட்டு வாசலில் காயும் துணிகூடத் தெரியும் என்கிறார்களே?
– பொறியியல் மாணவி, திருச்சி

ப: துணி தெரிகிறதோ இல்லையோ, கூரை தெரியும். சிக்கலே அதுதான், கூரை மட்டும்தான் தெரியும். பேரிடர் வந்தால் நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் தங்கள் படங்களை இலவசமாகக் கொடுக்க ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, நம் இஸ்ரோவும் அதில் உறுப்பினர். ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவை அந்த மாதிரிப் படங்களைப் பார்த்து ‘அழிந்தது’, ‘சேதமானது’, ‘சேதமாகியிருக்கலாம்’ என்று கட்டடம் கட்டடமாகக் குறித்து வரைபடம் தருகிறது. மேகம் விலகியிருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

ஆனால் கூரை அப்படியே இருக்க, ஜன்னல் உடைந்து உள்ளே இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் புகுந்து மெத்தை, ஃப்ரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போன வீடு வானத்திலிருந்து பார்த்தால் நல்ல வீடு. அதனால்தான் டொமினிக்காவில் மரியாவுக்குப் பிறகு கையில் டேப்லெட்டோடு ஆட்களை வீடு வீடாக அனுப்பி, குடியிருக்கலாம், பழுதுபார்த்தால் போதும், இடித்துத்தான் கட்ட வேண்டும் என்று நிறம் நிறமாகக் குறித்தார்கள். அந்த நடை சலிப்பான வேலை, டிவியில் காட்டமாட்டார்கள். ஆனால் எந்த மாதிரிக் கூரை பறந்தது, எது நின்றது என்பது அப்படிப் போய்ப் பார்த்தால்தான் துல்லியமாகத் தெரியும். நான்கு பக்கமும் சரிவு உள்ள கூரை, சட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை, ஆணிக்குப் பதில் திருகாணி என்று அந்தத் தீவுகளின் கட்டட விதிகளில் இருக்கும் சங்கதியெல்லாம் அப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

கே: போர்ட்டோ ரிக்கோவில் மரியா புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்றார்கள். பிறகு 2,975 என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு வீடு விட்டுப்போனாலே மேலதிகாரி எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இவ்வளவு பேரை எப்படி விட முடியும்?
– ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், நாகப்பட்டினம் மாவட்டம்

ப: ஐயா, உங்களைப் போன்றவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2017 செப்டம்பர் 20-ஆம் தேதி மரியா, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட அந்தத் தீவை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை குறுக்கே கடந்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், மொத்தத் தீவும் இருளில். கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வந்தபோது சாவு எண்ணிக்கை 16. 2005-இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவோடு ஒப்பிட்டு, நீங்கள் பெருமைப்படலாம் என்கிற தொனியில் பேசினார், கூட்டத்தை நோக்கிக் கை துடைக்கும் காகிதச் சுருள்களைத் தூக்கிப் போட்டார். பிறகு ஏறி ஏறி 64-இல் வந்து நின்றது. அங்கேயே மாதக்கணக்கில் நின்றது.

எப்படி நின்றது என்றால், மரம் விழுந்தோ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயோ சுவர் இடிந்தோ செத்தால் சந்தேகமில்லை, புயல் சாவு. ஆனால் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லாமல் பன்னிரண்டாம் நாள் இறந்துபோன கிழவர்? அவருடைய இறப்புச் சான்றிதழில் டாக்டர் ‘இதய நோய்’ என்றோ ‘நுரையீரல் நோய்’ என்றோ எழுதுவார். அது பொய்யில்லை. ஆனால் புயல் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. புயலோடு தொடர்புள்ள சாவுகளை எப்படிப் பதிய வேண்டும் என்று பெரும்பாலான டாக்டர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை. சான்றிதழில் இல்லாத சாவு எண்ணிக்கையில் எப்படி வரும்?

வியேக்கஸ் என்று கிழக்கே ஒரு சின்னத் தீவு, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்ததுதான். அங்கிருந்த ஒரே மருத்துவமனையைப் புயல் பாழாக்கிவிட்டது, டயாலிசிஸ் வசதியும் அதோடு போனது. சிறுநீரக நோயாளிகளை வாரத்துக்கு மூன்று முறை சிறிய விமானத்தில் ஏற்றிப் பெரிய தீவுக்குக் கொண்டுபோய், டயாலிசிஸ் முடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விடிகாலையில் கிளம்பினால் திரும்புவது இருட்டியபிறகு, வானிலை மோசமானால் அதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தது. அந்த நோயாளிகளில் ஒருவர் இரண்டாவது ஆண்டில் இறந்தால் அது எந்தக் கணக்கு? நீங்கள் பதிவேட்டில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

இதனால் வேறு வழியில் எண்ண ஆரம்பித்தார்கள். வழக்கமாக இந்த மாதங்களில் இந்தத் தீவில் இத்தனை பேர் இறப்பார்கள், இந்த முறை இத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், வித்தியாசம் என்ன என்று பார்ப்பது. 2018 மே மாதம் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 3,299 குடும்பங்களிடம் நேரில் கேட்டு 4,645 என்று ஒரு மதிப்பீடு சொன்னார்கள். ஆனால் அதன் வரம்பு 800-க்குக் கீழிருந்து 8,000-க்கு மேல்வரை போனது. செய்திகளில் வரம்பை விட்டுவிட்டு நடு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்த எண் வந்த சூட்டோடு மக்கள் தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் செருப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவின் வேலைக்குப் போகும் பூட்ஸ், பாட்டியின் வீட்டுச் செருப்பு, சின்னப் பிள்ளையின் ஷூ என்று வரிசை வரிசையாக, சிலவற்றில் பெயர் எழுதிய சீட்டு. அரசாங்கம் எண்ண மறுத்ததை அவர்களே ஜோடி ஜோடியாக எண்ணிக் காட்டிவிட்டார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோவின் அரசே கேட்டிருந்த ஆய்வு 2018 ஆகஸ்டில் வந்தது. 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரை வழக்கத்தைவிட 2,975 சாவுகள் கூடுதல் என்றது, அதிகாரப்பூர்வ எண்ணும் அன்றே மாறியது. ஏழைகளும், வயதான ஆண்களும்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்பதும் அதில் வந்தது. இறந்தவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் 64 என்று இருந்தவரை இது ‘சமாளித்துவிட்ட’ புயல், அவசரம் எதுவும் இல்லை. எண் சின்னதாக இருப்பதில் யாருக்கு வசதி என்று கேட்டுப்பாருங்கள், ஏன் விட்டார்கள் என்பது விளங்கும். அதிபருக்கு 2,975-உம் பிடிக்கவில்லை, எதிர்க்கட்சியின் வேலை என்று ட்விட்டரில் எழுதினார்.

கே: பட்டா இல்லாத வீட்டுக்கு அங்கே நிவாரணம் உண்டா?
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

ப: போர்ட்டோ ரிக்கோவில் தாத்தா நிலத்தில் அப்பா கட்டி, பிள்ளை மாடி எடுத்த வீடுகள் ஏராளம், பத்திரம் யார் பெயரிலும் இருக்காது. அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாகம் உரிமையைக் காட்டு என்றது, பல்லாயிரம் பேர் விண்ணப்பம் அதனாலேயே தள்ளுபடி. விதியைத் தளர்த்தியது 2021-இல். நான்கு வருடம் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவர்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கே: டி20 உலகக் கோப்பை ஜெயித்த நம் அணி பார்படாஸில் மாட்டிக்கொண்டதே, அந்தப் புயல் அப்புறம் என்ன ஆனது?
– கிரிக்கெட் ரசிகர், மதுரை

ப: நல்ல கேள்வி, நாம் விமானத்தோடு திரும்பி வந்துவிட்டோம். 2024 ஜூன் 29-இல் ஃபைனல், ஜூலை 1-இல் பெரில் புயல் பார்படாஸுக்குத் தெற்கே கடந்து போனது. விமான நிலையத்தை மூடினார்கள், அணி ஓட்டலில் உட்கார்ந்திருந்தது, ஏர் இந்தியாவின் தனி விமானத்தில் 4-ஆம் தேதி டெல்லிக்கு வந்து சேர்ந்தது. பார்படாஸில் பெரிய அடி மீனவர்களுக்கு, துறைமுகத்தில் கட்டியிருந்த படகுகளை அலை ஒன்றோடொன்று மோதி நொறுக்கிவிட்டது.

அதே நாள் பெரில் கிரெனடா நாட்டைச் சேர்ந்த காரியாக்கூ தீவில் ஏறியது. அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டம் என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். பக்கத்தில் செயின்ட் வின்சென்ட் நாட்டின் யூனியன் தீவில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சேதம். இந்த மாதிரி நேரத்தில் பார்படாஸைத் தலைமையிடமாகக் கொண்ட கரீபியன் பேரிடர் அவசரகால மேலாண்மை நிறுவனம்தான் அக்கம்பக்கத்து நாடுகளை ஒருங்கிணைக்கிறது. அடிபட்ட தீவு தன்னைத்தானே எண்ணிக்கொள்ள முடியாது, எண்ண வேண்டிய அதிகாரியின் வீட்டிலும் கூரை இருக்காது. அதனால் அடிபடாத தீவிலிருந்து ஆட்கள் வருவார்கள், அடுத்த முறை இவர்கள் அங்கே போவார்கள். 1991-இல் வேறு பெயரில் தொடங்கிய ஏற்பாடு. பெரிய நாடுகளின் கப்பல்களைவிட எனக்கு இதில்தான் மரியாதை.

கே: அந்த நாடுகளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டாமே, அதில் ஏமாற்று வேலை நடப்பதாகப் படித்தேன்.
– எல்.ஐ.சி. முகவர், சேலம்

ப: ஏமாற்று இல்லை, ஒப்பந்தத்தில் உள்ளது உள்ளபடி. 2004-இல் ஐவன் புயல் கிரெனடாவை ஒழித்துக்கட்டிய பிறகு, கரீபியன் நாடுகள் சேர்ந்து 2007-இல் ஒரு பொதுக் காப்பீட்டு நிதி தொடங்கின. இதில் சேதத்தைப் பார்த்துப் பணம் தருவதில்லை. காற்றின் வேகம், மழை, புயலின் பாதை இவற்றை வைத்து முன்பே எழுதிவைத்த கணக்குப்படி இரண்டு வாரத்துக்குள் பணம் வந்துவிடும். சர்வேயர் வரவில்லை என்ற பேச்சே கிடையாது. பெரிலுக்குக் கிரெனடாவுக்கு 4.4 கோடி டாலர் வந்தது. கூடவே புயல் அடித்தால் கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று தன் கடன் பத்திரங்களில் எழுதிவைத்திருந்த விதியையும் கிரெனடா பயன்படுத்தியது.

இனி நீங்கள் படித்த கதை. ஜமைக்கா தனியாக 15 கோடி டாலருக்குப் பேரிடர் பத்திரம் வைத்திருந்தது (புயல் குறித்த அளவைத் தாண்டினால் முதலீட்டாளர்களின் பணம் நாட்டுக்கு, தாண்டாவிட்டால் அது அவர்களுக்கே). பெரில் தெற்குக் கரையை உரசி நாசம் செய்தபோது ஒரு டாலர்கூட வரவில்லை, ஏனென்றால் காற்றழுத்தம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை (அழுத்தம் இறங்க இறங்கத்தான் புயல் வலுவாகும்). முதலீடு செய்தவர்களுக்குக் கொண்டாட்டம், ஜமைக்காவில் கொதிப்பு. மறு வருடம் மெலிஸா வந்தபோது மையத்தின் காற்றழுத்தம் எல்லாக் கோட்டையும் தாண்டி இறங்கியது, 15 கோடியும் முழுசாக வந்தது, பொது நிதியிலிருந்து இன்னொரு 9 கோடிக்குக் கொஞ்சம் மேல். 880 கோடிக்கு முன்னால் இது எத்தனை என்று பாருங்கள். ஆனாலும் உடனே கைக்கு வருகிற பணத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, முகவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கே: கியூபாவில் மட்டும் எப்படிச் சாவு குறைவு? சர்வாதிகாரம் என்பதால் மறைக்கிறார்களா?
– ஆசிரியர், தூத்துக்குடி

ப: முன்கூட்டியே ஆட்களை அப்புறப்படுத்துகிறார்கள், அதுதான் முக்கியம். 1963-இல் ஃப்ளோரா புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்த பிறகு கட்டிய ஏற்பாடு. எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி இருக்கிறார், யார் கர்ப்பமாக இருக்கிறார் என்ற பட்டியல் தெருக்குழுவிடம் இருக்கும், வருடாவருடம் ஒத்திகையும் உண்டு. மெலிஸாவுக்கு முன்னால் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோரை நகர்த்தினார்கள். அந்தத் தெருக்குழு வேறு எதையெல்லாம் கண்காணிக்கிறது என்பது தனிக் கதை, அதையும் நான் மறக்கவில்லை.

இதே மெலிஸா ஹைட்டியில் கரையேறவே இல்லை. மழைதான். பெத்தி-குவாவ் என்ற ஊரில் ஆறு பெருகி ஒரே இடத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், நிறையக் குழந்தைகள். ஐந்தாம் வகை, நான்காம் வகை என்று சொல்கிறோமே, அந்த வகைப்பாடு காற்றை மட்டும்தான் அளக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மொத்தத் தீவையே காலி செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?
– இல்லத்தரசி, காரைக்குடி

ப: உண்மை. பார்புடா. 2017 செப்டம்பர் 6 அதிகாலை இர்மா புயல். கட்டடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சேதம், இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. பின்னாலேயே ஹோசே என்ற இன்னொரு புயல் வருகிறது என்று, இரண்டாயிரத்துக்கும் குறைவாக இருந்த மக்கள் அத்தனை பேரையும் படகிலும் விமானத்திலும் அதே நாட்டின் பெரிய தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். நாய்களும் ஆடுகளும் மட்டும் மிச்சம். ஹோசே கடைசியில் அடிக்காமல் விலகிப்போனது.

அங்கே அடிமை முறை ஒழிந்த காலத்திலிருந்து நிலம் ஊர்ப் பொதுவாக இருந்துவந்தது, யாரும் விற்கவோ வாங்கவோ முடியாது என்றிருந்தது. ஆள் ஊரில் இல்லாதபோதே அரசாங்கம் நிலச் சட்டத்தைத் திருத்தும் வேலையில் இறங்கியது, பணக்காரர்களுக்கான விடுதிகளும் புது விமான நிலையமும் எழும்பின, வழக்கு அந்த நாட்டுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. வீட்டைப் பழுதுபார்க்கும் முன் ஓடுபாதைக்குக் காட்டை வெட்டினார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களின் புகார். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

கே: அந்தப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா?
– வாசகர், காரைக்கால்

ப: உங்கள் ஊரிலிருந்தே போனவர்களின் வம்சம் இருக்கிறது. 1850-களிலிருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் பிரான்ஸைச் சேர்ந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். குவாதலூப்பில் காபெஸ்டேர் பக்கம் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பேச்சு பிரெஞ்சும் அதிலிருந்து கிளைத்த கிரியோலும், தமிழ் பூசைப் பாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பகுதி வாழைக்குப் பேர்போனது. மரியா போன வழியில் குவாதலூப்பின் வாழைத் தோட்டம் ஏறக்குறைய முழுதும் படுத்துவிட்டது. வாழை திரும்பக் குலைதள்ள முக்கால் வருடமாவது ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், மேலே சொன்ன ‘இழப்பு’ பத்தி அதுதான்.

கே: பழைய துணி சேகரித்து அனுப்பலாமா?
– ஒரு மகளிர் குழு

ப: வேண்டாம். துறைமுகத்தில் அதைப் பிரிக்கவே ஆள் கிடைக்காது, மருந்துப் பெட்டி இறங்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும். கொடுக்க மனம் இருந்தால் பணம்.

கே: மகள் குடும்பம் அமெரிக்காவில். செப்டம்பரில் கப்பலில் கரீபியன் சுற்றுலா போகலாமா என்று கேட்கிறாள். டிக்கெட் பாதி விலையாம்.
– அப்பா, கோயம்புத்தூர்

ப: பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். கப்பல் புயலைச் சுற்றிப் போய்விடும், ஆபத்து பெரிதாக இல்லை, ஆனால் நீங்கள் பணம் கட்டிய தீவுக்குப் பதில் வேறு எங்காவது இறக்கிவிடுவார்கள். போவதென்றால் தெற்கே அரூபா, குராசாவ் பக்கம் போகிற கப்பலாகப் பார்க்கச் சொல்லுங்கள், புயல் அங்கே அபூர்வம். பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது.